கோடியக்கரை: உள்ளான் வரும் மாதங்களும் மீன்பிடி சீசனும் ஒன்றாக இருக்கும்போது யார் விலகுவது?

வலசைக்குறிப்பு (திருச்சி)

நண்பர்களுக்கு வணக்கம். நேரடியாகவே கேட்டுவிடுகிறேன். நவம்பர் முதல் பிப்ரவரி வரை கோடியக்கரைச் சதுப்பின் ஓரங்களிலும் மணல் திட்டுகளிலும் ஆள் நடமாட்டத்தை முழுவதும் தடை செய்யச் சொல்லி வனத்துறைக்கு மனு கொடுக்கலாமா?

1967இல் வெளிமானுக்காகச் சரணாலயம் ஆன இடம் இது. 2002இல், ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் சேர்ந்து, தமிழ்நாட்டின் முதல் ராம்சார் ஈரநிலமும் ஆனது. வேதாரண்யம் பெருஞ்சதுப்பு, பஞ்சநதிக்குளம், தலைஞாயிறு காப்புக்காடு, முத்துப்பேட்டை அலையாத்தி எல்லாம் சேர்ந்து 38,500 ஹெக்டேர். சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரித்துவிட்டு இவ்வளவு தூரம் வரும் கொசு உள்ளான் என்ற கரையோரப் பறவை நம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், எடை முப்பது கிராமைச் சுற்றித்தான் இருக்கும். வளைமூக்கு உள்ளான், பவளக்காலி, கருவால் மூக்கன், மங்கோலிய உப்புக்கொத்தி என்று பட்டியல் நீளம்.

1980களில் இங்கே வேலை செய்த ஆய்வாளர்கள் லட்சக்கணக்கில் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். இன்றைக்குப் போனால் அந்த அளவில் கூட்டம் கண்ணில் படுவதில்லை. மணல் திட்டில் இளைப்பாறும் பறவைகளை நாய்கள் விரட்டுகின்றன, பைக் ஓட்டுகிறார்கள், பழைய வலைத் துண்டுகள் காலில் சுற்றிக்கொள்கின்றன. நான்கு மாதம் மனிதர்கள் ஒதுங்கிக்கொண்டால் என்ன?

---

சேற்றுக்கால் (கோடியக்கரை)

வலசைக்குறிப்பு சாருக்கு வணக்கம். நான் அந்த ஊர்க்காரன். அப்பா இன்றும் கடலுக்குப் போகிறார். நானும் சீசனில் ஃபைபர் படகில் போகிறவன்தான்.

நீங்கள் சொல்லும் அந்த நான்கு மாதம் எங்களுக்கு என்னவென்று தெரியுமா? கோடியக்கரையில் மீன்பிடி சீசன் அக்டோபரில் தொடங்கி மார்ச் வரை. நாகப்பட்டினம், காரைக்கால், அதற்கும் வடக்கே இருந்தெல்லாம் குடும்பத்தோடு வந்து கரையில் கொட்டகை போட்டுத் தங்கித் தொழில் செய்வார்கள். காலா, வாவல், நண்டு, இறால் எல்லாம் அந்த மாதங்களில்தான். வருடத்துக் கடனை அந்தச் சம்பாத்தியத்தில்தான் அடைப்போம். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் என்பதால் விசைப்படகு வேலைக்குப் போகிற எங்கள் பையன்கள் சும்மா இருப்பார்கள். அதற்கு மேல் இன்னும் நான்கு மாதம் என்றால் மிச்சம் எது?

பறவை வரும் காலமும் வெளியூர் மீனவன் வரும் காலமும் ஒன்றாக இருப்பது தற்செயல் இல்லை. வடகிழக்குப் பருவமழையில் ஆற்றுத் தண்ணீர் இறங்கும், கடல் கலங்கும், இரை பெருகும். பறவைக்கும் எங்களுக்கும் அதே தண்ணீர்தான். உங்கள் மனுவில் தண்ணீரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

---

நெய்தல்வாசி (சென்னை)

மனு கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. இரக்கம் வேறு, சட்டம் வேறு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சரணாலயத்துக்குள் என்ன செய்யலாம், செய்யக்கூடாது என்பதில் சந்தேகம் இல்லை.

வேட்டையைப் பற்றியும் பேச வேண்டும். மழைக்காலத்தில் டெல்டா பக்கம் சாலையோரத்தில் உள்ளானையும் மடையானையும் கட்டி விற்பதை வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி வழியாகப் போன எல்லோரும் ஒரு தடவையாவது பார்த்திருப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் நினைத்தால் இதைத் தடுக்க முடியாதா?

---

சேற்றுக்கால் (கோடியக்கரை)

@நெய்தல்வாசி, விற்கிறவனைப் பார்த்த நீங்கள் வாங்குகிறவன் எந்த வண்டியில் வந்தான் என்று பார்த்தீர்களா? காரை நிறுத்தி வாங்குகிறவர்கள் எங்கள் குப்பத்து ஆட்கள் இல்லை. எங்கள் வீட்டில் மீன் இருக்கிறது, உள்ளான் எதற்கு?

பிடிக்கிறவர்களும் வேறு வழி இல்லாதவர்கள். மழை மாதத்தில் வயல் வேலை இருக்காது, உப்பள வேலை இருக்காது. பறவையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நரிக்குறவர் சமூகத்தை மட்டும் கைகாட்டிவிட்டுப் போகிற பழக்கமும் எனக்குப் பிடிக்கவில்லை. வாங்குகிற கை இருக்கிறவரைக்கும் கண்ணி வைக்கிற கை இருக்கும். முதலில் ஊருக்குள் இருக்கிற சாப்பாட்டுக் கடைகளில் சோதனை போடச் சொல்லுங்கள்.

---

களிமண்படுகை (ஈரநில ஆய்வு மாணவி)

சேற்றுக்கால் அண்ணன் சொன்ன 'அதே தண்ணீர்' என்பதை நான் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். இந்த இழையில் மற்ற எல்லாவற்றையும்விட அது முக்கியம் என்று நினைக்கிறேன்.

கொசு உள்ளானின் கால் மிகக் குட்டை. இரண்டு மூன்று சென்டிமீட்டர் தண்ணீர் அல்லது வெறும் ஈரச்சேறு, அதில்தான் அதனால் மேய முடியும். முழங்கால் அளவு தண்ணீர் நின்றால் பூநாரை நிற்கும், உள்ளான் நிற்காது. முழுவதும் காய்ந்து வெடித்துவிட்டால் எதுவும் நிற்காது. ஆகவே எத்தனை ஹெக்டேர் ஈரநிலம் இருக்கிறது என்று வரைபடத்தில் பார்த்தால் போதாது. ஜனவரி மாதத்தில் அந்த ஆழத்தில் தண்ணீர் எவ்வளவு பரப்பில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

வங்கதேசத்திலும் கொரியாவிலும் கடல் தினம் இரண்டு முறை பல மீட்டர் ஏறி இறங்கும். அங்கே சேற்றுப்பரப்பைத் திறந்து மூடுவது கடலின் வேலை. பாக் நீரிணையில் ஏற்றவற்றம் மிகக் குறைவு. இங்கே சதுப்பின் ஆழத்தை மழை, ஆற்று நீர், காற்றின் திசை, முகத்துவாரம் திறந்திருக்கிறதா அடைத்திருக்கிறதா என்பவைதான் முடிவு செய்கின்றன. மழை முடிந்து ஜனவரியிலிருந்து தண்ணீர் மெல்ல வற்றும்போது ஓரம் நாளுக்கு நாள் உள்நோக்கி நகரும். நகரும் அந்த ஓரத்தில்தான் புழுக்களும் பூச்சி இளம்புழுக்களும் சிறு ஓட்டுடலிகளும் பறவைக்கு எட்டும்.

அந்த இரை உருவாக நன்னீர் வேண்டும். காவிரியின் கடைமடையிலிருந்து அடப்பாறு, முள்ளியாறு, வளவனாறு போன்றவை கொண்டுவரும் தண்ணீர் சதுப்பின் உப்பைக் குறைக்கிறது. இந்த வரத்து குறைந்தால் வெயிலில் உப்பு ஏறி, கடல்நீரைவிடப் பல மடங்கு கரிக்கும். அதில் தாங்கும் உயிர்கள் மிகச் சில. இறால் குஞ்சுக்கும் இதே கதைதான். இறால் வராத வருடம் உள்ளானும் குறைவாக இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்று சீமைக் கருவேலம். கரையோரப் பறவைகள் திறந்த வெளியில்தான் இறங்கும், நான்கு பக்கமும் பார்வை எட்ட வேண்டும், வல்லூறு வந்தால் தெரிய வேண்டும். சதுப்பின் ஓரம் முழுக்கப் புதர் மூடிவிட்டால் அவை அந்தப் பக்கமே வராது. மனிதர்களை நான்கு மாதம் வெளியேற்றினாலும் இது எதுவும் மாறப்போவதில்லை.

வலசைக்குறிப்பு சார் சொன்ன நாய், பைக், வலைத் துண்டு எல்லாம் உண்மையான பிரச்சினைகள்தான். திட்டில் இளைப்பாறும் கூட்டத்தைத் திரும்பத் திரும்ப எழுப்பினால் வடக்கே திரும்பிப் போவதற்காக அவை சேர்க்கும் கொழுப்பு வீணாகிறது. அந்தப் பயணத்துக்கு முன் பல உள்ளான்கள் தம் எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொள்ள வேண்டும். ஆனால் அது குறிப்பிட்ட சில திட்டுகளின் பிரச்சினை, 38,500 ஹெக்டேரின் பிரச்சினை அல்ல.

---

உப்புவரப்பு (அகஸ்தியன்பள்ளி)

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். மீனவரைப் பற்றிப் பேசுகிறீர்கள், பறவையைப் பற்றிப் பேசுகிறீர்கள். உப்பளத்தை யாரும் பேசவில்லை. 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளியது எங்கள் ஊரில்தான், அதனால் ஏப்ரல் மாதத்தில் மட்டும் எங்களை எல்லோருக்கும் ஞாபகம் வரும்.

அம்மா உப்பளத்தில் வாருகிறவர். நானும் படிக்கும்போது லீவில் போயிருக்கிறேன். பறவைகள் எங்கே நிற்கின்றன என்று உப்பளத்துப் பெண்களைக் கேளுங்கள், சொல்வார்கள். முதலில் தண்ணீர் ஏற்றி வைக்கும் பெரிய பாத்தியில் நிற்கும். அங்கே உப்பு குறைவு, புழு பூச்சி இருக்கும். அடுத்தடுத்த பாத்திக்குத் தண்ணீர் மாறமாற உப்பு ஏறும். கடைசியில் உப்பு விளையும் பாத்தியில், உப்பின் அடர்த்தியை அளக்கும் மீட்டர் 25 டிகிரி காட்டும் தண்ணீரில், ஒரு பறவையும் மேயாது. வரப்பில் வேண்டுமானால் உட்கார்ந்திருக்கும்.

நாங்கள் தலைச்சுமையோடு பக்கத்தில் நடந்து போனாலும் அவை பறப்பதில்லை. கொஞ்சம் தள்ளி நின்றுகொள்ளும், நாங்கள் போனதும் திரும்ப வந்துவிடும். கேமராவோடு மெல்லக் குனிந்து வருகிறவரைப் பார்த்தால்தான் கூட்டமாக எழும்பும். ஆகவே 'ஆள் நடமாட்டம்' என்று பொதுவாக எழுதாதீர்கள்.

---

வலசைக்குறிப்பு (திருச்சி)

மிக முக்கியமான தகவல், நன்றி. ஒரு கேள்வி. சதுப்பு உப்பளமாக மாறியதுதான் பறவைகள் குறைந்ததற்குக் காரணம் என்று நிறையக் கட்டுரைகளில் படித்திருக்கிறேன். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உப்பளம் பறவைக்கு நல்லது என்பதுபோல் இருக்கிறதே?

---

உப்புவரப்பு (அகஸ்தியன்பள்ளி)

எல்லா உப்பளமும் ஒன்று கிடையாது. சின்னப் பாத்திக்காரர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு மெதுவாகச் செய்வார்கள். மழைக்காலத்தில் பாத்தி முழுக்க மழைத்தண்ணீர் நிற்கும், ஜனவரியில்தான் வடித்துத் தரையை மிதித்துத் தயார் செய்வோம். அந்த மாதங்களில் பாத்தியும் சதுப்பும் ஒன்றுபோலத்தான்.

பெரிய நிறுவனங்கள் வளைத்துப்போட்ட இடத்தில் நடப்பது வேறு. கரை உயர்த்திக் கட்டித் தண்ணீரின் பழைய வழியை மறித்துவிட்டார்கள். மோட்டார் வைத்துத் தண்ணீரை ஏற்றி வைத்தால் உள்ளான் நிற்க முடியாத ஆழம். உப்பு எடுத்த பிறகு மிஞ்சும் கசப்பு நீரை எங்கே விடுகிறார்கள் என்று போய்ப் பாருங்கள். அந்தத் தண்ணீர் போன இடத்தில் இறாலும் இல்லை, பறவையும் இல்லை. முன்பு அந்தப் பக்கம் பெண்கள் கையால் தடவி இறால் பிடித்து இடுப்பில் கட்டிய பறியில் (சிறு கூடையில்) போட்டுக்கொண்டு வருவார்கள். இப்போது யாரும் போவதில்லை.

இந்த மனுவில் 'ஆள் நடமாட்டம்' என்று எழுதினால் முதலில் தடுக்கப்படுவது அந்தப் பறிக்காரப் பெண்தான். மோட்டாரை யாரும் நிறுத்தப்போவதில்லை. எனக்கு இதில்தான் கோபம்.

---

பேசாலைக் கரை (மன்னார்)

எங்கட பக்கத்தில் இருந்து ஒரு வார்த்தை. நீரிணையின் அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் நாங்கள். பறவைக்கு இரண்டும் ஒரே பாதைதான். மன்னாரில் கருவி பொருத்திவிட்ட பறவைகள் வட துருவப் பக்கம் வரை போய்த் திரும்பினதைக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கினம்.

வங்காலை 2010இல் ராம்சார் ஈரநிலம் ஆனது. பூநாரை, கருவால் மூக்கன், நண்டுண்ணி எல்லாம் இங்கே பார்க்கலாம். தீவின் தென்கரையில் தம்பபவனி என்று 30 காற்றாலைகளை நட்டிருக்கினம். அவை வந்த பிறகு மழைத்தண்ணி முன்பு போல் கடலுக்கு ஓடவில்லை, வீதியும் கரையும் தடுத்து ஊருக்குள் தேங்குது என்று சனம் சொல்லத் தொடங்கினது. கரைவலைக்காரருக்கும் தொழிலில் இடைஞ்சல். பறவை ஆர்வலர்கள் வேறொரு காரணத்துக்காகக் கவலைப்பட்டார்கள், காற்றாலைகள் நிற்கிறது வலசைப் பாதையில்.

கனகாலம் இரண்டு கூட்டமும் தனித்தனியாகத்தான் பேசினது. கொழும்பில் இருந்து வாறவர் பறவையைப் பற்றிப் பேசுவார், மீன்பிடிச் சங்கம் தண்ணியைப் பற்றிப் பேசும். 2025இல் இன்னும் காற்றாலை வேண்டாம் என்று மன்னார்ச் சனம் வீதியில் இறங்கினபோது இரண்டு கவலையும் ஒரே பதாகையில் வந்தது. நான் இதைச் சொல்லுறதுக்குக் காரணம், உங்கட மனுவில் மீனவர் ஒரு பிரச்சினையாக எழுதப்பட்டால் நாளைக்குப் பெரிய திட்டம் ஒன்று வரும்போது உங்களோடு நிற்க ஆள் இருக்காது.

---

இஞ்சியோன் தமிழன் (தென் கொரியா)

மன்னார் நண்பர் சொன்னதற்கு இங்கிருந்து ஒரு சாட்சி. கொரியாவின் மேற்குக் கரையில் சேமங்கும் என்ற இடம். இரண்டு ஆறுகள் கடலில் கலக்கும் பெரிய சேற்றுப்பரப்பு. சுமார் 33 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலில் சுவர் கட்டி 2006 ஏப்ரலில் முழுவதும் அடைத்தார்கள்.

ஆஸ்திரேலியாவிலிருந்து சைபீரியாவுக்குப் போகும் பெரிய நாட் உள்ளான்கள் வழியில் இறங்கி இரையெடுத்த முக்கியமான இடம் அது. அடைத்த பிறகு அந்த இனத்தின் எண்ணிக்கை சரிந்தது. 'வேறு எங்காவது போயிருக்கும்' என்று முதலில் சொன்னார்கள். பக்கத்துச் சேற்றுப்பரப்புகளில் தேடினார்கள், அங்கே அந்த அளவுக்குக் கூடவில்லை. குளிர்காலத்தில் அவை தங்கும் ஆஸ்திரேலியக் கரைகளிலும் குறைந்திருந்தது.

அதே சேற்றில் சிப்பி தோண்டிப் பிழைத்த பெண்கள் நிறையப் பேர். சுவர் கட்டும்போதே எதிர்த்துப் போராடினார்கள். அவர்கள் தொழிலும் போனது. சுற்றுச்சூழல் ஆர்வலர்கள், மதத் தலைவர்கள் எல்லாம் அவர்களோடு நின்றும் தடுக்க முடியவில்லை. ஆனாலும் அந்தப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டில் சேற்றுப்பரப்பைப் பற்றிய எண்ணம் மாறியது. 2021இல் கொரியாவின் வேறு நான்கு சேற்றுக் கரைகள் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. அவற்றில் மீனவர்கள் இன்றும் சிப்பியும் ஆக்டோபஸும் பிடிக்கிறார்கள்.

---

நெய்தல்வாசி (சென்னை)

எல்லாம் சரி. ஆனால் இப்படியே போனால் 'மக்களும் பறவையும் நண்பர்கள்' என்று சொல்லிவிட்டு எல்லோரும் கலைந்துவிடுவோம். நாயை யார் கட்டுவது? கண்ணியை யார் எடுப்பது? அதிகாரம் இல்லாமல் எந்த இடத்தில் இது நடந்திருக்கிறது, சொல்லுங்கள்.

---

களிமண்படுகை (ஈரநில ஆய்வு மாணவி)

நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்த இடங்களைச் சொல்கிறேன், ஒவ்வொன்றிலும் உள்ள ஓட்டையையும் சேர்த்து.

ஒடிசாவில் சிலிகா ஏரியின் வடக்கோரத்தில் மங்கலாஜோடி. பறவை வேட்டைக்குப் பேர்போன கிராமமாக இருந்தது. 2000ஆம் ஆண்டு வாக்கில் வேட்டைக்காரர்களே சேர்ந்து பாதுகாப்புச் சங்கம் அமைத்தார்கள். இப்போது அவர்களே படகு ஓட்டிகள், வழிகாட்டிகள். எந்த நாணலுக்குள் எந்தப் பறவை உட்காரும் என்று தெரிந்த கண் வேட்டைக்காரனுடையது, அந்த அறிவுக்கே சம்பளம் கிடைத்தது. ஓட்டை என்னவென்றால் சுற்றுலா வருமானம் எல்லா வீட்டுக்கும் போவதில்லை. கோடியக்கரையில் நூறு படகு விட்டால் பறவையும் இருக்காது. அதை அப்படியே இங்கே கொண்டுவர நான் சொல்லமாட்டேன்.

வங்கதேசத்தின் சோனாதியா தீவு. உலகில் மிக அரிதாகிவிட்ட கரண்டிமூக்கு உள்ளான் குளிர்காலத்தில் தங்கும் இடங்களில் ஒன்று. அங்கே வலை விரித்து உள்ளான் பிடித்தவர்களிடம் பேசினால், குறி அந்த ஒரு இனமே இல்லை, வலையில் விழுவதெல்லாம் குழம்புக்கு என்று தெரிந்தது. மீன்பிடிக் கருவி, தையல் இயந்திரம், சிறு கடை என்று அவரவர் கேட்டதைக் கொடுத்து, வேட்டையை விடுவதாக எழுதி வாங்கினார்கள். மியான்மரின் மொத்தமா வளைகுடாவிலும் இதே வழியில் போனார்கள். பிடிப்பது வெகுவாகக் குறைந்தது. இதன் ஓட்டை, உதவி தொடர வேண்டும், யாராவது போய்ப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

நாகாலாந்தில் தொயாங் நீர்த்தேக்கத்தின் பக்கம் 2012இல் அமூர் வல்லூறுகளை வலை வைத்து ஆயிரக்கணக்கில் கொன்றார்கள். படம் வெளியே வந்ததும் கிராம சபைகளே தடை போட்டன, 2013இல் அந்த வலைகள் விரிக்கப்படவில்லை. அங்கே வென்றது கிராம சபையின் சொல். வனக்காவலர் எண்ணிக்கையைக் கூட்டி ஒரே வருடத்தில் அதைச் செய்திருக்க முடியாது.

நம் கோடியக்கரையிலேயே ஒரு பழைய சான்று உண்டு. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இங்கே பல பத்தாண்டுகளாகப் பறவைகள் எங்கே போகின்றன என்று அறிய அவற்றின் காலில் எண் வளையமிட்டு வந்தது. அதற்குப் பறவையைக் காயமில்லாமல் பிடித்துக் கொடுத்தவர்களில் பெயர் பெற்றவர் அலி உசேன், பீகாரின் மீர்ஷிகார் என்ற பறவை பிடிக்கும் சமூகத்தைச் சேர்ந்தவர். கண்ணி வைக்கும் கலை இல்லாவிட்டால் இந்தப் பறவைகள் எங்கே போகின்றன என்ற அறிவே நமக்குக் கிடைத்திருக்காது.

தமிழ்நாட்டில் வேடந்தாங்கலும் வேட்டங்குடியும் எல்லோருக்கும் தெரியும். தீபாவளிக்கு வெடி வைக்காத ஊருக்கு எந்த அதிகாரி உத்தரவு போட்டார்? ஆனால் அங்கே பறவை கூடு கட்டுவது ஊர் ஏரியில், கண்ணெதிரே. உள்ளான் இங்கே கூடு கட்டுவதில்லை, குஞ்சு பொரிப்பதில்லை, ஊருக்கு அது யாரோ ஒரு சின்னச் சாம்பல் பறவை. பாசம் வர வைப்பது கடினம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

---

சேற்றுக்கால் (கோடியக்கரை)

தங்கச்சி, கடைசி வரி சரியில்லை. சின்னச் சாம்பல் பறவை என்று எங்களுக்கு அலட்சியம் இல்லை. காலையில் எந்தத் திட்டில் உள்ளான் கூட்டமாக நிற்கிறதோ அங்கே தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தூரத்திலிருந்தே தெரிந்துகொள்வோம். ஆலாப் பறவை எங்கே விழுந்து விழுந்து எழுகிறதோ அங்கே பொடி மீன் இருக்கிறது. பறவையைப் பார்த்துத் தொழில் செய்கிறவன் அதை வெறுக்கமாட்டான்.

நெய்தல்வாசி அதிகாரம் பற்றிக் கேட்டார். எங்கள் ஊர் பஞ்சாயத்துக்கு இருக்கிற அதிகாரம் உங்களுக்குத் தெரியாது. எந்த வலை போடக்கூடாது, எந்த நாள் கடலுக்குப் போகக்கூடாது என்று ஊர் கூடி முடிவு செய்தால் ஒரு படகும் இறங்காது. மீறினால் அபராதம், அதை யாரும் மறுக்கமாட்டார்கள். மூன்று நான்கு திட்டுகளைக் குறித்து, பறவை படுக்கிற நேரத்தில் அந்தப் பக்கம் வண்டி போகாதே, வலை காய வைக்காதே, நாயைக் கொண்டுபோகாதே என்று ஊரில் சொன்னால் நடக்கும். வனத்துறை போர்டு வைத்துச் சொன்னால் நடக்காது. என் அப்பா காலத்தில் சதுப்போரம் போனதற்காக வலையைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள், அது இன்னும் வீட்டில் பேச்சில் இருக்கிறது.

சீசனுக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்களும் கொட்டகை போடும் முன் எங்கள் ஊரில் சொல்லிவிட்டுத்தான் போடுவார்கள். அந்த நாளிலேயே அவர்களுக்கும் சொல்லிவிடலாம்.

பழைய வலைக்கு ஒரு வழி பண்ணுங்கள். கிழிந்த வலையை வாங்கிக்கொள்ள ஓர் இடமும் கிலோவுக்கு ஒரு விலையும் இருந்தால் யாரும் திட்டில் போடமாட்டார்கள். கஜா புயலில் கரையில் கிடந்த வலை எவ்வளவு என்று பார்த்தவன் நான். 2018 நவம்பர் 16 காலையில் படகும் வலையும் மரமும் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. அள்ள யாரும் வரவில்லை, நாங்கள்தான் முடிந்ததை எரித்தோம், மிச்சம் மண்ணுக்குள் போனது.

---

உப்புவரப்பு (அகஸ்தியன்பள்ளி)

தடைக்காலத்துக்கு மீனவக் குடும்பத்துக்கு அரசு நிவாரணம் இருக்கிறது, 5,000 ரூபாயாக இருந்ததை 8,000 ஆக்கினார்கள். உப்பளக்காரர்களுக்கும் மழைக்கால நிவாரணம் 5,000 என்று வந்திருக்கிறது. மீன் பெருகுவதற்குத் தொழிலை நிறுத்தினால் பணம் தருகிறார்கள் என்றால், பறவைக்காகச் சின்னப் பாத்திக்காரர் ஜனவரியில் ஒரு பாத்தியை வடிக்காமல் இரண்டு விரல்கடைத் தண்ணீரோடு ஒரு மாதம் விட்டுவைத்தால் அதற்கும் தர வேண்டும்தானே? மனுவில் இதை எழுதுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். எங்கள் சங்கத்திலும் பேசுகிறேன்.

கசப்பு நீரை எங்கே விடுகிறார்கள் என்ற கேள்வியும் அதே தாளில் இருக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் என் கையெழுத்தும் இருக்காது.

---

பேசாலைக் கரை (மன்னார்)

இரண்டு விரல்கடைத் தண்ணி! அக்கா, களிமண்படுகை சொன்ன அதே இரண்டு மூன்று சென்டிமீட்டர். பழைய தங்கூசி (நைலான் நரம்பு) வலைக்கு விலை வைக்கிற யோசனையை இங்கேயும் சங்கத்தில் சொல்லிப் பார்க்கிறேன்.

---

நெய்தல்வாசி (சென்னை)

நான் இன்னும் முழுவதும் ஒத்துக்கொள்ளவில்லை. ஊர்க்கட்டுப்பாடு ஊருக்குள் செல்லும். சனி ஞாயிறு பைக்கில் வரும் வெளியூர்ப் பையன்களுக்கும் பறவைக் கறி வாங்க வரும் கார்களுக்கும் செல்லாது. அங்கே வனத்துறையும் போலீஸும் வேண்டும். சாப்பாட்டுக் கடைச் சோதனையை மனுவின் முதல் கோரிக்கையாக வைத்தால் நானும் சேருகிறேன்.

---

களிமண்படுகை (ஈரநில ஆய்வு மாணவி)

@நெய்தல்வாசி, அதில் எனக்கும் மறுப்பில்லை. ஒரு சின்ன விளக்கம் மட்டும். ராம்சார் எல்லையும் சரணாலய எல்லையும் ஒன்றல்ல. ராம்சார் உடன்படிக்கை ஈரநிலத்தை மக்கள் பயன்படுத்துவதைத் தடுப்பதில்லை, அதன் தன்மை கெடாமல் பயன்படுத்தச் சொல்கிறது. மனுவில் இரண்டையும் குழப்பாமல் எழுதினால் சதுப்பில் கை வைத்துப் பிழைப்பவர்கள் குற்றவாளிகளாக மாட்டார்கள்.

---

வலசைக்குறிப்பு (திருச்சி)

எல்லோருக்கும் நன்றி. முழு ஈரநிலத்துக்கும் தடை என்பதை, ஊர் குறித்துக் கொடுக்கும் இளைப்பாறும் திட்டுகளுக்கு மட்டும் என்று சுருக்குகிறேன். மனுவில் வரவேண்டியவை என்று நான் எடுத்துக்கொண்டது: கடைமடை ஆறுகளில் மழை மாதங்களில் சதுப்புக்கு இறங்க வேண்டிய தண்ணீர், கசப்பு நீர் வெளியேற்றம், ஓரத்துச் சீமைக் கருவேலத்தை அகற்றுவது, பறவைக் கறி விற்கும் கடைகளில் சோதனை, பழைய வலைக்கு விலை, சின்னப் பாத்திக்காரருக்கு ஈடு. திட்டுகளின் பெயரை நான் எழுதமாட்டேன், சேற்றுக்கால் அண்ணனின் ஊர்தான் எழுத வேண்டும்.

அடுத்தது, ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு வருகிறது. 1987இலிருந்து ஆண்டுதோறும் பல நாடுகளில் நடப்பது. இந்த முறை எங்கள் குழுவில் ஒவ்வொரு பிரிவிலும் ஒரு மீனவர், ஒரு உப்பளத் தொழிலாளி இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அன்றைய கூலியை நாங்கள் கொடுப்போம். சேற்றுக்கால், உப்புவரப்பு, வருவீர்களா?

---

உப்புவரப்பு (அகஸ்தியன்பள்ளி)

அம்மா வருவார். பெயர் சொல்லத் தெரியாது, எண்ணத் தெரியும். எந்தப் பாத்தியில் தண்ணீர் எந்த அளவில் இருந்தது என்பதையும் உங்கள் படிவத்தில் எழுத ஒரு கட்டம் போட்டு வையுங்கள்.

---

சேற்றுக்கால் (கோடியக்கரை)

வருகிறோம். இரண்டு நிபந்தனை.

ஒன்று, ஞாயிற்றுக்கிழமை வைக்காதீர்கள், அன்றைக்கு வியாபாரம் அதிகம், ஆள் கிடைக்காது. வெள்ளிக்கிழமை வையுங்கள்.

இரண்டு, எண்ணி முடித்ததும் கணக்கை இணையத்தில் ஏற்றிவிட்டுப் போய்விடக்கூடாது. இதுவரை வந்த யாரும் எங்கள் கரையில் எத்தனை பறவை என்று எங்களிடம் சொன்னதில்லை. தமிழில் எழுதி மீன் ஏலம் போடுகிற கொட்டகையில் ஒட்ட வேண்டும், அடுத்த வருடக் கணக்கையும் அதற்குப் பக்கத்திலேயே ஒட்ட வேண்டும். குறைந்திருந்தால் ஏன் என்று எங்கள் ஆட்களும் கேட்பார்கள். சம்மதம் என்றால் இன்றைக்கே தலைவரிடம் பேசிவிட்டு எந்த வெள்ளி என்று சொல்கிறேன்.